நம் நாட்டின் தொலைநோக்குத் திட்டங்களுக்கு ஆயுள் ஏன் ஐந்தாண்டு?

கேள்வி: வெள்ளவத்தை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். கொழும்பில் உயர்தர மாணவர்களுக்குத் தமிழ் மொழிமூலம் பொருளியல் கற்பித்து வருகிறேன். சென்ற வாரம் அபிவிருத்தித் திட்டமிடல் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்த ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், 2025க்கு என்று ஒரு தொலைநோக்கு இருந்ததாமே, அதற்கு என்ன நடந்தது?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேனே தவிர, அவளுக்கு ஒழுங்கான பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அலுமாரியில் கிடந்த கொள்கை நூல்களை எடுத்துக் கட்டிலின்மீது ஆண்டு வரிசையில் பரப்பினேன். 2005இன் மஹிந்த சிந்தனை, 2017 செப்டெம்பரில் வெளியான தொலைநோக்கு 2025, 2019இன் சுபீட்சத்தின் நோக்கு, சுதந்திரத்தின் நூற்றாண்டான 2048இல் அபிவிருத்தியடைந்த நாடாகிவிடுவோம் என்ற உரைகளின் பத்திரிகை நறுக்குகள், கடைசியாக வளமான நாடு – அழகான வாழ்க்கை. முந்தியவரைக் குறை சொல்லும் பக்கங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் முந்திய நூலின் இலக்குகளை வரிசையாக வைத்து, இவை எட்டப்பட்டன, இவை கைவிடப்பட்டன, இன்ன காரணத்தால் கைவிடப்பட்டன என்று போடப்பட்ட ஒரு கணக்கு என் கண்ணில் படவில்லை. இதற்கிடையில் உலக வங்கி 2019 ஜூலையில் நம்மை உயர் மத்திய வருமான நாடுகளின் பட்டியலில் ஏற்றி, மறு ஆண்டு ஜூலையிலேயே இறக்கிவிட்டது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தோம்.

எனக்கு இது ஏட்டு விடயம் மட்டுமன்று. வாரத்தில் இரண்டு நாள் மாலபேயில் வகுப்பு இருப்பதால் கொள்ளுப்பிட்டியில் 177ஆம் இலக்க பஸ் ஏறுகிறேன். இராஜகிரியவைத் தாண்டுவதற்குள் ஒரு விடைத்தாள்கட்டைத் திருத்தி முடித்துவிடலாம். அந்தப் பாதைக்குத்தான் இலகு ரயில் வருவதாக இருந்தது. ஜப்பான் 0.1 சதவீத வட்டியில், 12 ஆண்டுச் சலுகைக் காலத்தோடு, 40 ஆண்டில் திருப்பிச் செலுத்தும் கடனாகத் தர 2019இல் உடன்படிக்கை கைச்சாத்தாகியிருந்தது. 2020 செப்டெம்பரில் செலவு அதிகம் என்று சொல்லித் திட்டத்தை நிறுத்தினார்கள்.

நீண்டகாலத் திட்டம் என்பது நம்மைப் போன்ற நாட்டுக்கு உண்மையில் பயன்படும் ஒன்றா, அல்லது தேர்தலுக்கு அச்சடிக்கும் அழைப்பிதழா என்பதே என் கேள்வி. ஆட்சி மாறியும் உயிர் பிழைத்த திட்டம் எதுவும் நம்மிடம் உண்டா? "அரசியல்வாதிகள் எல்லோரும் கள்வர்கள்" என்ற பதில் எனக்குத் தெரியும். சிங்கப்பூர்க் கதையும் தெரியும். அவை இரண்டையும் தவிர்த்துச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: பழைய கோப்பு

டீச்சர், திட்டமிடல் சேவையில் முப்பது ஆண்டுக்கு மேல் இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் முதலில் எங்கள் வீட்டுக் குற்றத்தையே ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன். நான் ஒரு மாவட்டத்தில் பணியாற்றிய காலத்தில், ஐந்தாண்டு மாவட்ட அபிவிருத்தித் திட்டம் ஒன்றை எட்டு மாதம் உழைத்துத் தயாரித்தோம். அச்சாகி வந்த சில வாரங்களில் ஆட்சி மாறியது. மேலிடத்திலிருந்து வந்த அறிவுறுத்தல் மூன்று வரிதான்: அட்டையை மாற்றவும், முன்னுரையையும் படத்தையும் நீக்கவும், புதிய கொள்கைப் பிரகடனத்தின் பெயரைச் சேர்க்கவும். உள்ளே இருந்த கிணறு, பாலம், பாடசாலைக் கட்டடம் எதையும் யாரும் கேட்கவில்லை. நாங்கள் நான்கு பேர் ஒரு பிற்பகல் முழுவதும் பசையும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்து, நூலின் முதுகில் புதிய ஒட்டுச்சீட்டை ஒட்டினோம். பழைய பெயர் மங்கலாகத் தெரிந்ததால் அதன்மேல் இன்னொரு படை ஒட்ட வேண்டியிருந்தது.

இந்த நாட்டில் திட்டமிடும் ஆற்றலுக்குக் குறைவிருந்ததில்லை என்பதை உங்கள் மாணவியிடம் சொல்லுங்கள். 1959இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் காலத்தில் வெளியான பத்தாண்டுத் திட்டம் அக்காலத்தில் ஆசியாவில் எழுதப்பட்ட நல்ல திட்ட ஆவணங்களில் ஒன்று என்பது என் கணிப்பு. பொருளியலாளர் கமனி கொரயா அதன் பின்னால் இருந்தார். ஜோன் ரொபின்சன், கல்டோர், மிர்டால் போன்ற வெளிநாட்டுப் பொருளியலாளர்கள் இங்கு வந்து ஆலோசனைக் கட்டுரைகள் எழுதிக் கொடுத்தார்கள். சனத்தொகை பெருகும் வேகத்தையும், தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்றை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தையும், கைத்தொழிலில் எவ்வளவு முதலிட வேண்டும் என்பதையும் அது கணக்கிட்டுச் சொன்னது. அதே ஆண்டு செப்டெம்பரில் பிரதமர் சுடப்பட்டு இறந்தார். அத்தோடு திட்டம் நூலக அடுக்குக்குப் போனது.

உயிர் பிழைத்தவை உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி 1945இலிருந்து இன்றுவரை எத்தனை ஆட்சியைக் கண்டுவிட்டது? அரச மருத்துவமனையில் கட்டணமில்லாச் சிகிச்சையும் அப்படியே. இடதுசாரிகள் வந்தார்கள், திறந்த பொருளாதாரக்காரர்கள் வந்தார்கள், இரண்டையும் தரத்தில் மெலியவிட்டார்கள், ஆனால் ஒழிக்க யாருக்கும் துணிவு வரவில்லை. மகாவலி ஆற்றுத் திட்டமும் ஒரு வகையில் அப்படித்தான். 1960களில் ஐக்கிய நாடுகள் நிபுணர்களின் துணையோடு 30 ஆண்டுக்கு வரையப்பட்ட திட்டத்தை, 1977இல் வந்த அரசாங்கம் கிழித்தெறியாமல், ஆறே ஆண்டில் முடிக்கிறேன் என்று துரிதப்படுத்தியது. பிரித்தானியப் பணத்தில் விக்டோரியா, சுவீடன் பணத்தில் கொத்மலை, ஜேர்மன் பணத்தில் ரந்தெனிகல, கனடாவின் பணத்தில் மாதுறு ஓயா என்று அணைகள் எழுந்தன. (அந்தக் காணிகள் எவருக்குக் கிடைத்தன, எவரை அப்புறப்படுத்தின என்பது தனி வழக்கு. அதை இந்த இழைக்குள் இழுத்தால் மூல விடயம் மூழ்கிவிடும்.)

இவற்றைப் பத்தாண்டுத் திட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது எனக்குப் பட்டது இதுதான். பத்தாண்டுத் திட்டத்துக்கு ஆசிரியர்கள் இருந்தார்கள், உரிமைக்காரர் இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தை மூடினால் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வர ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாய் இருக்கிறாள். மூலதனப் பெருக்க வீதம் குறைந்ததற்காகத் தெருவுக்கு வர யார் இருக்கிறார்கள்? உங்கள் இலகு ரயிலுக்கும் அதே கதிதான். தண்டவாளம் போட்டு ஒரு நாளாவது ஓடியிருந்தால், அதை நிறுத்திய அடுத்த நாள் மாலபேயிலிருந்து கோட்டைவரை சனம் நின்றிருக்கும்.

மறுமொழி: கொட்டாஞ்சேனைக் கணக்காளர்

ஐயா சொல்வது கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் உரிமைக்காரரை வைத்தே நாட்டை நடத்தினால் பில்லை யார் கட்டுவது? 1953இல் மானிய அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியதும் ஹர்த்தால் வெடித்தது, உயிர்கள் போயின, டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அந்தப் பாடத்தைப் பின்வந்த எல்லா அரசாங்கமும் நன்றாகக் கற்றுக்கொண்டன: கொடுப்பதைக் குறைக்காதே, வாங்குவதைக் குறை. ஜோன் ரொபின்சனைக் குறிப்பிட்டீர்களே, மரத்தை நடுமுன் பழத்தைச் சுவைத்த நாடு என்று இலங்கையைப் பற்றி எழுதியவரும் அவர்தான்.

தொழிலால் நான் பார்ப்பது வரிப்பக்கம். 1990 அளவில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கு அருகில் இருந்த வரி வருமானம், 2021இல் 8 சதவீதத்துக்கும் கீழே போயிருந்தது. 2019 டிசெம்பரில் வற் எனப்படும் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆக ஒரே வெட்டில் குறைத்தபோது என் வாடிக்கையாளர்கள் இனிப்பு அனுப்பினார்கள். நானும் சாப்பிட்டேன் என்பதை மறைக்கவில்லை. 2024 ஜனவரியில் அதே வரி 18 சதவீதமாயிற்று. எந்தத் தொலைநோக்கு நூலிலும் வருமானப் பகுதி இரண்டு பக்கத்துக்கு மேல் போகாது. கைதட்டலுக்குரியது செலவுப் பகுதி.

சட்டமாக்கினால் நிலைக்கும் என்று சிலர் இப்போது நம்புகிறார்கள். 2024இல் நிறைவேறிய பொருளாதார நிலைமாற்றச் சட்டம், 2032ஆம் ஆண்டளவில் அரச கடனை மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 95 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்கிறது. நல்லது. ஆனால் 2003இலேயே நிதி முகாமைத்துவப் பொறுப்புச் சட்டம் என்று ஒன்று இருந்ததை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறீர்கள்? வரவு செலவுப் பற்றாக்குறை 2006இல் 5 சதவீதமாகவும், கடன் 2013இல் 60 சதவீதமாகவும் இறங்க வேண்டும் என்று அது எழுதியிருந்தது. பற்றாக்குறை அந்த அளவுக்கு இறங்கவில்லை, கடனும் இறங்கவில்லை. என்ன செய்தார்கள்? சட்டத்தைத் திருத்தி ஆண்டைத் தள்ளி வைத்தார்கள். வகுப்பில் தவறிய பிள்ளைக்காகப் பரீட்சைத் திகதியை மாற்றியது போல.

மறுமொழி: ஊவாக்காரன்

கொழும்பில் பத்து ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பிறந்தது பதுளை மாவட்டத்தில் ஒரு தோட்டத்து லயத்தில். பழைய கோப்பு ஐயாவின் கருத்தோடு எனக்கு உடன்பாடு உண்டு, ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. உரிமைக்காரனாக இருப்பதற்கு முதலில் கணக்கில் எடுக்கப்பட்டவனாக இருக்க வேண்டும்.

1945இல் இலவசக் கல்வி வந்தது என்கிறோம். என் பாட்டியின் தலைமுறைக்கு அது வரவில்லை. தோட்டப் பாடசாலைகள் 1970கள் வரை தோட்ட நிர்வாகங்களின் கையில்தான் இருந்தன. ஒரே அறையில் ஐந்து வகுப்பு, ஒரே ஆசிரியர், அவரே கடிதம் வாசித்துக் கொடுப்பவர். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால், இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரான எங்கள் மக்களில் பெரும்பாலானோர் நாடற்றவரானார்கள், வாக்கும் போனது. 1959இன் சிறந்த திட்டம் எழுதப்பட்ட மேசையில், அந்நியச் செலாவணியை ஈட்டித் தந்தவர்களின் பெயருக்கு எதிரே வாக்காளர் இலக்கம் எதுவும் இருக்கவில்லை. 1964இல் இந்தியாவுடனான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரை, 5 இலட்சத்து 25 ஆயிரம் அங்கே, 3 இலட்சம் இங்கே, மீதி ஒன்றரை இலட்சம் பிறகு பார்ப்போம் என்று பங்கு போட்டது. எஞ்சியவர்களின் பிரஜாவுரிமைக் கணக்கைத் தீர்க்க 2003இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. இதைவிட நீண்டகாலத் திட்டம் வேறு என்ன இருக்கிறது என்று என் அப்பா கேட்பார்.

இன்றைக்கும் பாருங்கள். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய், 2024இல் 1,350 ரூபாய் என்று ஒவ்வொரு முறையும் தேர்தல் நெருங்கும்போதோ நெருக்கடி முற்றும்போதோ வர்த்தமானியில் வருகிறது. எந்தத் தொலைநோக்கிலும் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு 2040இல் என்ன வயது, என்ன வருமானம், எந்தக் காணி என்று எழுதப்பட்டு நான் வாசித்ததில்லை. ஏற்றுமதிப் பகுதியில் தேயிலை இருக்கும். சமூகப் பாதுகாப்புப் பகுதியில் நாங்கள் இருப்போம். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினால்தான் அது அபிவிருத்தித் திட்டம்.

கணக்காளர் அண்ணாவுக்கும் ஒன்று: பில்லை யார் கட்டுவது என்றீர்கள். வற் வரியை என் அம்மாவும் கட்டுகிறார், சவர்க்காரம் வாங்கும்போது.

மறுமொழி: முன்னாள் கோலாலம்பூர்

மலேசியாவில் ஒன்பது ஆண்டு வாழ்ந்து திரும்பியவன் என்ற முறையில் சுருக்கமாக. பிரதமர் மகாதீர் 1991இல் வாவாசான் 2020 என்ற தொலைநோக்கை அறிவித்தபோது, ஆண்டுக்கு 7 சதவீத வளர்ச்சி 30 ஆண்டு தொடர வேண்டும் என்றும், ஒன்பது சவால்களைக் கடக்க வேண்டும் என்றும் சொன்னார். 1997இன் ஆசிய நெருக்கடியோடு அந்த வேகம் போனது. 2020 வந்தபோது அவர்கள் உயர் வருமான நாடாகியிருக்கவில்லை. இருந்தும் அந்தத் திட்டம் தோற்றது என்று நான் சொல்லமாட்டேன். 1970இல் தீபகற்ப மலேசியாவில் ஏறத்தாழ பாதி வீடுகள் வறுமையில் இருந்தன. அந்த நிலை அடியோடு மாறிவிட்டது. ஆனால் 1957இலிருந்து 2018வரை அங்கு ஆட்சிக் கூட்டணி மாறவில்லை என்பதை மறந்துவிட்டு ஆவணத்தின் மகிமையைப் பாடக்கூடாது. அங்கே அட்டையை மாற்றுமாறு சொல்ல ஆளில்லை.

தேர்தலில் ஆட்சி கைமாறும் நாட்டுக்கு உதாரணம் வேண்டுமென்றால் கென்யாவைப் பாருங்கள். 2008இல் தொடங்கிய விஷன் 2030, ஐந்தாண்டு நடுத்தரத் திட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, கிபாக்கி, கென்யாட்டா, ரூட்டோ என மூன்று ஜனாதிபதிகளைத் தாண்டி வந்திருக்கிறது. ஒவ்வொருவரும் தம் சொந்த முழக்கத்தை அதன்மேல் பூசினார்கள், அடித்தளத்தை இடிக்கவில்லை. கடன் சுமையும் இளைஞர் கொந்தளிப்பும் அங்கேயும் உண்டு, ஆகவே சொர்க்கம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

மறுமொழி: களப்பணி

சுகாதாரத் துறையில் இருப்பதால் மலேரியாவைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1963இல் நாடு முழுவதிலும் பதிவான நோயாளர்கள் வெறும் 17 பேர். வேலை முடிந்தது என்று கையைத் தளர்த்தினோம். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. பிறகு பல பத்தாண்டுகள், போரின் நடுவிலும், இரத்தப் பூச்சை எடுத்துக் கண்ணாடியில் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தோம். சான்று பெறுமுன் உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா ஒழிந்த நாடு என்று சான்று தந்தது. இதற்காக எவரும் தெருவுக்கு வரவில்லை, ஐயா. ஒவ்வொரு மாதமும் எண்ணுவதற்கு ஒரு ஆள் இருந்தார், எண்ணிக்கை ஏறினால் கேட்பதற்கு மேலே இன்னொருவர் இருந்தார், அவ்வளவுதான்.

மறுமொழி: பழைய கோப்பு

களப்பணியின் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். உரிமைக்காரர் மட்டும் போதாது. எண்ணுகிற ஆளும் வேண்டும். எங்கள் மாவட்டத்தில் திட்டம் எழுத எட்டு மாதம் தந்தார்கள், எழுதியதில் எத்தனை கிணறு வெட்டப்பட்டது என்று எண்ணிவர ஒரு மோட்டார் சைக்கிளுக்கு எரிபொருள் தரவில்லை.

ஊவாக்காரன் தம்பிக்கு என்னிடம் பதில் இல்லை. நீங்கள் சொன்னது சரி. மாகாண சபைத் தேர்தல்கள் 2014க்குப் பிறகு நடக்காமல் கிடப்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மாகாணத்துக்கு நாங்கள் எழுதிய திட்டங்களை "இது எங்களுடையது" என்று சொல்லி வாங்கிக்கொள்ள மக்கள் தெரிவுசெய்த ஒரு சபை அங்கே இல்லை. கணக்காளருக்கு மட்டும் ஒரு கேள்வி: 2024இன் அரச நிதி முகாமைத்துவச் சட்டம், வட்டி நீங்கலான செலவுக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13 சதவீதம் என்று உச்சவரம்பு போட்டிருக்கிறதல்லவா? பாடசாலையும் ஆஸ்பத்திரியும் சம்பளமும் வீதியும் அதற்குள்தான். கல்விக்கு 6 சதவீதம் வேண்டும் என்று 2012இல் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். 13க்குள் 6 எப்படி அடங்கும்?

மறுமொழி: கொட்டாஞ்சேனைக் கணக்காளர்

அடங்காது, ஐயா. யாராவது ஒருவருடைய பங்கைக் குறைத்தால்தான் அடங்கும். யாருடையதைக் குறைப்பது என்பதைத் தேர்தலுக்கு முன்பே எழுதுகிற நூலைத்தான் நான் தொலைநோக்கு என்று ஏற்றுக்கொள்வேன். சவர்க்காரத்தைப் பற்றித் தம்பி சொன்னதற்கு எதிர்வாதம் இல்லை. நேர்வரியை விட்டு மறைமுக வரியையே பிடித்துத் தொங்கியது நாங்கள் செய்த பெரிய பிழை.

மறுமொழி: வெள்ளவத்தை ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. இன்று வகுப்பில் அந்த மாணவியிடம் 2025இன் தொலைநோக்குக்கு நேர்ந்ததைச் சொன்னேன். பிறகு "திட்டமிடலின் சிறப்பியல்புகளை விளக்குக" என்ற வழக்கமான கட்டுரையை நிறுத்திவிட்டு வேறொரு பயிற்சி கொடுத்தேன்: நடைமுறையிலுள்ள ஏதாவது ஓர் ஆவணத்திலிருந்து ஆண்டோடு கூடிய ஓர் இலக்கைத் தேர்ந்தெடுத்து, அதை யார் எண்ணுகிறார், தவறினால் யார் இழக்கிறார், இழப்பவருக்கு அதைக் கேட்க வழி உண்டா என்று இரண்டு பக்கத்தில் எழுத வேண்டும். ஒருத்தி 2032இன் 95 சதவீதத்தை எடுத்தாள்; அப்போது தனக்கு 25 வயதாகியிருக்கும் என்று ஓரத்தில் குறித்திருக்கிறாள். மூன்று பேர் இலகு ரயிலை எடுத்திருக்கிறார்கள், மூவரும் 177இல் வருபவர்கள். மலையகத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவன் எந்த இலக்கையும் எடுக்காமல், தன் தோட்டத்தின் பெயரை எழுதிவிட்டுக் கீழே வெறுமையாக விட்டிருந்தான். மறதியா, பதிலா என்று இன்னும் கேட்கவில்லை.

பழைய கோப்பு ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். அந்த மாவட்டத் திட்டத்தின் பிரதி உங்களிடம் இருந்தால் பிள்ளைகளுக்குக் காட்ட முடியுமா?

மறுமொழி: பழைய கோப்பு

இருக்கிறது, டீச்சர். ஞாயிறு காலை பத்து மணிக்குப் பிறகு நான்கைந்து பேராக அழைத்து வாருங்கள். தனிச்செய்தியில் விலாசம் அனுப்புகிறேன். முதுகில் உள்ள ஒட்டுச்சீட்டின் ஓரம் இப்போது தானாகவே கழன்று வருகிறது. உரிக்காமல் வைத்திருக்கிறேன், அவர்களே உரித்துப் பார்க்கட்டும்.